பத்தாவது நொடி

காலிங் பெல் செய்கிற அந்தத் தொழிற்சாலையின் வாசலில் நின்று, காதக்கா இருக்கிறாளா என்று கேட்டால் உடனே கேட்டைத் திறந்துவிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் வாட்ச்மேன் நெற்றியைச் சுருக்கி, "அப்படி யாரும் இங்க வேலை செய்யலீங்களே" என்று அனுப்பிவிடுவார். ஒரு முறை மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த அவள் கணவரையே அப்படி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு அவள் பட்டினி.

காதக்காவுக்கு வேலை, கேட்பது. ஜன்னலோரத்தில் அவள் மேசை. இடது பக்கம் ட்ரே நிறைய பெல். ஒன்றை எடுத்து, கம்பியில் கிளிப்பை மாட்டி, பொத்தானை அழுத்தினால் ஒன்பது நொடிக்கு இசை வரும். அதற்குள் எங்கேயாவது கரகரக்கிறதா, ஏதாவது ஒரு சுரம் சளி பிடித்த மாதிரி வருகிறதா, நடை இழுக்கிறதா என்று அவள் கண்டுபிடித்தாக வேண்டும். நன்றாக இருந்தால் கட்டைவிரலால் ஒரு பச்சை ஸ்டிக்கர். இல்லாவிட்டால் சிவப்பு. இந்த வேலைக்கு ஒரு காலத்தில் மெஷின் வாங்கி வைத்துப் பார்த்தார்கள். அது மேலே சுற்றுகிற மின்விசிறிக்கும் சேர்த்துப் பச்சை விளக்கு காட்டியது. மெஷின் போய்விட்டது, காதக்கா இருக்கிறாள்.

ஒவ்வொரு மாடல் பெல்லிலும் ஒவ்வொரு இசை மேதையின் பாட்டு. எல்லாம் கடல் தாண்டிய ஊர்களில் எப்போதோ வாழ்ந்து முடித்தவர்கள். பெட்டியின் பக்கவாட்டில் அவர்களுடைய வாழ்க்கை வரலாறு நான்கு வரியில் இருக்கும். எழுதியவர் முதலாளியின் மச்சான். நான்கு வரிக்குள் ஒரு மனிதனுக்கு நடந்த நல்லதைச் சொல்லி முடிக்க முடியாது, கெட்டதை முடியும் என்பது மச்சானின் கொள்கை. அதனால் தொழிற்சாலையில் யாருக்கும் மேதைகளின் பெயர் தெரியாது, அவர்கள் பட்ட பாடு மட்டும் தெரியும். காது போனவர். இருபது பிள்ளைக்காரர். தாளம் போடுகிற தடியால் தன் காலையே குத்திக்கொண்டு, அந்தப் புண்ணிலேயே செத்துப்போன கால்காரர். வீடு நிறையக் குடை சேர்த்துவைத்து, ஒரே பக்கத்தை நூற்றுக்கணக்கான தடவை வாசிக்கும்படி குறிப்பும் எழுதிவைத்த குடைக்காரர். "அவரு நம்ம கம்பெனில வேலை பாத்திருக்கணும்" என்று எல்லோரும் அவர்மேல் ஒரு பாசம் வைத்திருந்தார்கள்.

காதக்காவின் மாடல் தலைக்காரர். அவரைப் புதைத்த பிறகு யாரோ தலையை மட்டும் திருடிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் வேறொரு தலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகி, அசல் தலையும் வந்து சேர்ந்தது. பழையதை யாரும் எடுக்கவில்லை. ஆக இப்போது அந்தக் கல்லறையில் உடம்பு ஒன்று, தலை இரண்டு. "நாளைக்குத் தலைக்காரர் ரெண்டு லோடு போகணும்" என்று சூப்பர்வைசர் கத்துவார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் வாசலைப் பார்ப்பார்கள்.

அந்த ஹாலில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. எந்த பெல்லைச் சோதிக்கிறாயோ, அந்தப் பாட்டை முழுசாகக் கேட்கக் கூடாது. ஒன்பதாவது நொடியில் பெல் நிற்கும், காதும் அங்கேயே நின்றுவிட வேண்டும். பத்தாவது நொடியில் என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் காது அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்தக் காதால் பிரயோஜனம் இல்லை.

இதற்குச் சாட்சியாக நடமாடிக்கொண்டிருந்தவர் டேப்பண்ணன். முன்பு அந்த ஜன்னலோர மேசை அவருடையதுதான். யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கச்சேரிக்குப் போய்த் தலைக்காரரைக் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பெல் முடிந்ததும் அவருடைய இரண்டு தோளும் காதுமடல் வரை ஏறி இறங்கின. ஸ்டிக்கர் பெல்லில் விழாமல் மேசையில் விழுந்தது, சட்டையில் விழுந்தது, ஒரு நாள் சூப்பர்வைசரின் நெற்றியில் விழுந்தது. பேக்கிங்குக்கு மாற்றிப் பெட்டிகளுக்கு டேப் ஒட்ட விட்டுவிட்டார்கள்.

"அப்படி என்னதான்ணே வருது அதுக்கப்புறம்?" என்று காதக்கா பலமுறை கேட்டிருக்கிறாள்.

"சொல்லக் கூடாதும்மா."

"சும்மா சொல்லுங்க."

"நாய் கடிச்ச மாதிரின்னு வச்சுக்க."

"பாட்டா, நாயா?"

"கேட்டா நீயும் இங்கதான் வந்து நிப்ப" என்று சொல்லிவிட்டு அவர் டேப்பைச் சர்ரென்று இழுப்பார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

காதக்காவின் கணவருக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. மனைவி பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற பெல்லை அவர்தான் போய் அழுத்துகிறார். "இன்னைக்கு மாடி வீட்டுல உன் தலைக்காரர். நல்லாத்தான் கத்தறாரு" என்று சாயங்காலம் வந்து சொல்வார். எதையும் இரண்டாம் தடவை கேட்பதும் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்காது. "மீட்டர ரெண்டு தடவ படிச்சா நம்பர் மாறவா போகுது?" என்பார்.

இவர்களுக்கு ஒரே மகள். இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அங்கே இசைக்குழு ஒன்று இருந்தது. அதில் வயலினுக்கு வரிசை கட்டி நின்றார்கள், பின்னால் இருந்த இரண்டு பெரிய முரசுகளுக்கு ஆளே இல்லை. இவள் போய் நின்றுகொண்டாள். வீட்டில் முரசு கிடையாது. தலையணையைச் சுவரில் சாய்த்து, இரண்டு மரக்கரண்டியால் அடித்துப் பழகினாள். என்ன பாட்டு என்று தாயும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. தலையணை மட்டும் நாளுக்கு நாள் இளைத்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தை உடைத்தாள்.

"வெள்ளியும் சனியும் எங்க புரோகிராம். நீங்க ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை வர்றீங்க."

"என்ன பாட்டுடி?"

"தலைக்காரர்."

காதக்கா கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். "ஏன்டி, வேற ஆளே கிடைக்கலயா? இருபது பிள்ளைக்காரர வாசிங்களேன். பாவம், குடும்பஸ்தர்."

"நானாம்மா முடிவு பண்றேன்?"

"நான் வந்து கேட்டா என் மேசை போயிடும். ஆயுசுக்கும் டேப்பு ஒட்டிட்டு நிக்கணும்."

"பெல்ல மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ கேக்கற. நான் வாசிக்கறத ஒரே ஒரு தடவ கேக்க முடியாதா?"

காதக்கா சமாதானத்துக்கு வந்தாள். "சரி, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வரேன். உன்னப் பாத்தா போதாதா?"

"நான் என்ன மீன் தொட்டியா, பாத்துட்டுப் போறதுக்கு?"

மகள் எழுந்து போய்விட்டாள். உள்ளே தலையணைக்கு அடி விழும் சத்தம் கேட்டது.

தொழிற்சாலையில் சூப்பர்வைசருக்கு விஷயம் எட்டியதும் ஓடி வந்தார். காதக்காவைவிடச் சின்னவர், முகத்தில் எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவனின் களை. "அக்கா, காய்ச்சல்னு சொல்லிடுங்க. கால் சுளுக்குன்னு சொல்லுங்க. ஆர்டர் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, தலைக்காரருக்கு உங்கள விட்டா ஆள் கிடையாது."

"பொண்ணு கூப்பிடுறா தம்பி."

"பொண்ணு கோபம் ஒரு வாரம். காது போனா போனதுதான்."

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஜன்னல் காற்றும், "காதக்கா சொன்னா சரி" என்கிற பேச்சும் அந்த மேசையோடு வந்தவை. மேசை போனால் பெயரும் போகும், வாட்ச்மேன் உள்ளே விடுவாரா என்பதே சந்தேகம். அன்று முழுக்க பெல்லை அழுத்திக்கொண்டே யோசித்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் இரண்டு இடத்தில் உறையே நைந்து போயிருந்தது. "வரேன்டி" என்றாள். பஞ்சைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை, கல்லூரி அரங்கம். எழுந்தால் தானாகப் படாரென்று மடங்கிக்கொள்ளும் நாற்காலிகள். கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதிலும் தலைக்காரரின் வாழ்க்கை வரலாறு இருந்தது, மேலே அவர் படமும். ஆனால் தலை திருட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேடிக்கை செய்வதில் கெட்டிக்காரர், அவரிடம் வேலை பார்த்த வாசிப்பாளர்கள் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள் என்றெல்லாம் போட்டிருந்தது.

"என்னங்க, இது வேற யாரோ போல. இவரு சிரிச்ச முகமா இருக்காரு."

"தலை இருந்தப்ப எடுத்த படமா இருக்கும்" என்றார் கணவர்.

கையில் மெல்லிய குச்சியோடு வந்த, இசைக்குழுவை நடத்துகிறவர் குச்சியை உயர்த்தினார். மகள் கடைசி வரிசையில், முரசுகளுக்குப் பின்னால், வேலை இல்லாதவள் போல் நின்றுகொண்டிருந்தாள்.

ஆரம்பித்தது. வெகு மெதுவாக, தூங்குகிற வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கிற மாதிரி. அவளுடைய பெல்லேதான். ஆனால் பெல்லில் எறும்பு மாதிரி இருந்தது, இங்கே யானை மாதிரி இருந்தது, அதுவும் நுனிக்காலில் நடக்கிற யானை. அவளுடைய கட்டைவிரல் தன்பாட்டுக்கு எழுந்து கணவரின் முழங்காலில் அழுத்தி, இல்லாத ஒரு ஸ்டிக்கரை ஒட்டியது. அதே நேரம் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். இவ்வளவு நேரம் பெல் அடித்தால் யாராவது கதவைத் திறப்பார்கள் என்பது அவருடைய கால்களுக்குப் பழக்கம். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பத்தாவது நொடி வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. பாட்டு அதே நடையில் கொஞ்சம் மேலே ஏறியது, இறங்கியது. பிறகு முதலிலிருந்து, இன்னும் மெதுவாக, கிட்டத்தட்டக் காற்று மாதிரி வந்தது. இவ்வளவுதானா? இதற்கா நாய், பேய் என்று வருஷக்கணக்காகப் பயமுறுத்தினார்கள்? காதக்காவுக்குச் சிரிப்புகூட வந்தது. உடம்பைத் தளர்த்தி, கணவரின் பக்கம் சாய்ந்து, "டேப்பண்ணனுக்கு நரம்புல ஏதோ..." என்று ஆரம்பித்தாள்.

இடி விழுந்தது.

மேடையிலிருந்த மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில், முழு பலத்தோடு, ஒரே ஒரு அடி. அதன் நடுவில் முரசு.

"யாருடா அது!" என்று கத்திக்கொண்டு காதக்கா எழுந்து நின்றுவிட்டாள். கைப்பை பறந்து முன்வரிசைக்காரரின் மடியில் விழுந்தது. நாற்காலி பின்னால் படாரென்று மடங்கி, இரண்டாவது இடியாக ஒலித்தது. அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பிறகு சிரித்தது. குச்சிக்காரரின் முதுகு குலுங்கியது. பாட்டு மட்டும் ஒன்றும் நடக்காதது போல் பழையபடி நுனிக்காலில் போய்க்கொண்டிருந்தது. காதக்காவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் கேட்டது, கடைசி வரைக்கும்.

முடிந்ததும் முகத்தை மூடிக்கொண்டு வெளியே நழுவப் பார்த்தாள். குச்சிக்காரர் தாழ்வாரத்தில் ஓடி வந்து மறித்தார். கூடவே மகள், முகம் சிவந்து.

"நீங்கதானா கத்தினது?"

"மன்னிச்சுக்கங்க சார். தெரியாம..."

"மன்னிப்பா? அம்மா, அந்த மனுஷன் அந்த அடிய எதுக்கு எழுதினாரு? ஜனங்க திடுக்கிடணும்னு! நான் எத்தனையோ வருஷமா இத வாசிக்க வைக்கறேன், ஒருத்தரும் திடுக்கிட்டதே இல்ல. எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். அடி விழறதுக்கு முன்னாடியே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இன்னைக்குத்தான் பாட்டு சரியா நடந்திருக்கு. நாளைக்கும் அவசியம் வாங்க."

"நாளைக்கு எனக்கும் தெரிஞ்சிருக்குமே சார்."

குச்சிக்காரரின் முகம் வாடியது. "அதான் இதுல இருக்கற கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, "எதுக்கும் வாங்க" என்று போனார்.

பஸ் நிறுத்தத்தில் மகள் கேட்டாள். "என் அடி எப்படி இருந்துச்சு?"

"அடியா அது? என் உசுரு போய் வந்துச்சு."

"அதில்லம்மா. சுத்தமா விழுந்துச்சா?"

காதக்கா நினைத்துப் பார்த்தாள். அவள் கத்திய சத்தம் ஞாபகம் இருந்தது, நாற்காலி மடங்கிய சத்தம் ஞாபகம் இருந்தது. "தெரியலடி."

"அதுக்கப்புறம் வந்தது?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல."

"அதுக்கப்புறம்தாம்மா பாட்டே" என்று மகள் திரும்பிக்கொண்டாள்.

கணவர் குறுக்கே வந்தார். "விடு. ஒரு தடவ கேட்டாச்சு, முடிஞ்சுது. மீட்டர ரெண்டு தடவ..."

"அடுத்த மாசம் போய்ப் படிச்சா நம்பர் மாறியிருக்குதுல்ல?" என்று மகள் வெடுக்கென்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை. பஸ் வரும்வரை அவர் சட்டைப்பையிலிருந்த மீட்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தொழிற்சாலை உண்டு. காதக்கா மேசையில் உட்கார்ந்து முதல் பெல்லை அழுத்தினாள். பெல் ஓய்ந்ததும் அவளுடைய இரண்டு தோளும் காதுமடல் வரை ஏறின. இறக்கினாள். அடுத்த பெல். ஏறின. ஸ்டிக்கர் மேசையில் ஒட்டியது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொன்னேனேக்கா!"

"பழகிடும் தம்பி."

"பழகாது. இன்னைக்கும் போறதா பேச்சு அடிபடுது. போனீங்கன்னா திங்கக்கிழமை உங்களுக்குன்னு ஒரு டேப்பு ரோல் எடுத்து வச்சிடுவேன், ஆமா."

இடைவேளையில் அவள் பேக்கிங் பக்கம் போனாள். டேப்பண்ணன் அவளுடைய தோளைப் பார்த்தார், அவள் அவருடைய தோளைப் பார்த்தாள். எங்கோ ஒரு பெல் அடித்து ஓய்ந்தது. நான்கு தோளும் ஒன்றாக ஏறி இறங்கின.

"அண்ணே, நீங்க எத்தன தடவ கேட்டீங்க?"

"ஒரு தடவதான். அதுக்கே இந்தக் கதி."

"அந்த அடிக்கப்புறம் பாட்டு என்னாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அடி விழுந்ததும் நான் எழுந்து வெளிய ஓடிட்டேன்ல."

காதக்கா அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க இத்தன வருஷமா அந்த அடியிலயேதான் நிக்கறீங்க."

"என்னம்மா சொல்ற?"

"சாயங்காலம் நல்ல சட்ட போட்டுட்டு வாங்க."

வருவதற்கு அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பல்வலி என்றார், சட்டை ஈரம் என்றார். கடைசியில் காதக்காவுக்கும் அவள் கணவருக்கும் நடுவில், கைதி மாதிரி உட்கார வைத்தார்கள். குச்சிக்காரர் மேடைக்கு வந்ததும் வணக்கம் சொல்கிற சாக்கில் காதக்காவைத் தேடிப் பிடித்து, கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

யானை நுனிக்காலில் புறப்பட்டது. பத்தாவது நொடி தாண்டியது. அடி வரப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று காதக்கா நினைத்திருக்கவில்லை. நேற்று அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. இன்றைக்கு அவள் தெரிந்தவர்கள் கட்சி. மேடையில் பின்வரிசையில் மகள் மெல்ல நிமிர்வதைப் பார்த்தாள். மகளின் மூக்கு நுனியில் வியர்வை. இரண்டு குச்சியும் உயர்ந்தன. டேப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு காதக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அடி விழுந்தது. சுத்தமாக, ஒரே அடி. பிசிறு இல்லை. காதக்கா அதை முழுசாகக் கேட்டாள். கடைசி வரிசையில் யாரோ ஒருவர் "ஐயோ அம்மா!" என்று அலறினார். குச்சிக்காரரின் முதுகு சந்தோஷத்தில் குலுங்கியது. டேப்பண்ணனின் தோள்கள் காதுமடல் வரை ஏறின, இத்தனை வருஷத்தில் முதல் முறையாகச் சரியான நேரத்தில்.

ஓட எழுந்தவரை அவள் கையை விடாமல் உட்கார வைத்தாள்.

அதற்கப்புறம்தான் பாட்டு. குறும்பு பண்ணிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி, அதே நுனிக்கால் நடை. அது ஒரு சமயம் அழுதது, ஒரு சமயம் மீசை முறுக்கியது, ஒரு சமயம் சின்னக் குழல் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஓடியது. டேப்பண்ணன் காத்திருந்தார், காதக்காவும் காத்திருந்தாள். அந்தத் திடீர் அடி மறுபடி வரவே இல்லை. அது ஒரே ஒரு தடவைதான். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் டேப்பண்ணனின் தோள் தானாக இறங்கியிருந்ததை அவள் பார்த்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா?" என்றாள் மகள், வெளியே வந்து, பக்கத்தில் நின்று, கண்ணைப் பார்க்காமல்.

"இழுவை இல்ல. கரகரப்பு இல்ல. நல்லா இருந்துச்சுடி."

இதற்குமேல் ஒரு பாராட்டு அந்த வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை என்பது மகளுக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ ஏன்ப்பா இன்னைக்கும் நடுவுல எழுந்து நின்ன?" என்று அப்பாவிடம் பேச்சை மாற்றினாள்.

"கதவு தொறக்கற மாதிரி இருந்துச்சு" என்றார் அவர்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் சொன்னபடி கையில் புது டேப் ரோலோடு மேசை அருகே வந்து நின்றார். பேக்கிங்கிலிருந்து டேப்பண்ணன் எட்டிப் பார்த்தார். காதக்கா கிளிப்பை மாட்டினாள், அழுத்தினாள். ஒன்பது நொடி. பெல் நின்றது.

தோள் அசையவில்லை. ஸ்டிக்கர் பெல்லின் நடுவில் நேராக உட்கார்ந்தது.

சூப்பர்வைசர் நம்பாமல் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதில் "சிவப்பு. இழுக்குது" என்று ஒதுக்கினாள். அவர் அதை வாங்கித் தானே அழுத்திக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை என்றாலும் தலையாட்டினார். "நேத்தும் போயும் எப்படிக்கா?"

"நேத்து இல்ல, முந்தாநாள். போனதாலதான் தம்பி."

"அப்ப டேப்பண்ணனும் சரியாயிட்டாரா? பழைய மேசைய கேட்டுட்டு வந்துடப் போறாரு."

"ஐயோ, வேண்டாம்பா" என்று பேக்கிங்கிலிருந்து குரல் வந்தது. "இங்க எனக்கு சீனியாரிட்டி இருக்கு."

சூப்பர்வைசர் போகாமல் டேப் ரோலை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நின்றார். எதையோ கேட்க வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உங்க பொண்ணு காலேஜ்ல அடுத்த டெர்ம் புரோகிராம் வைப்பாங்களா? ஒரு நாள் போய் என்னதான்னு கேட்டுட்டு..."

"ஒரு நாளா?" காதக்கா கையிலிருந்த பெல்லை மேசையில் வைத்துவிட்டு முழுசாக அவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, போனா ரெண்டு நாளும் போ. ஒரு நாளோட திரும்பறதா இருந்தா தயவுசெஞ்சு வீட்டுலயே படுத்துத் தூங்கு. தோளத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நின்ன, உன்ன வச்சு நான் என்ன பண்றது?"